நியூத்திரன் வருகிறாரா, போகிறாரா?

இயேசு மரி சூசை துணை

மூன்றாம் லயம்,
சவுக்குமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
றொசல்ல.
12.09.1982, ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு இதழில் விஞ்ஞானப் பக்கம் எழுதுகின்ற ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்களை முன்பின் அறியாத பெற்றீசியா பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் கட்டுரைகளை எழுத்துக்கோத்து அச்சடிக்கின்ற அத்தனை பேரும் ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இங்கு நானும் அப்பாவும் சுகம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன், ஆனால் அது அவ்வளவு சரியில்லை, காரணம் கீழே வரும். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளவும். நான் ஆட்களோடு பேசிப் பழகாதவள். கடைக்குப் போனாலும் வேண்டிய சாமானை விரலால்தான் காட்டுவேன். பேசாதவர்கள் எழுதத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது போலிருக்கிறது.

தங்களுடைய கட்டுரை என் கைக்கு நெத்தலிக் கருவாட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. றொசல்ல ஸ்டேசன் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஹமீத் நானா ஒரு தாளை இரண்டாகக் கிழித்து இரண்டு பேருக்குச் சுற்றிக் கொடுப்பார். எனக்குக் கிடைத்தது மேல் பாதி. தாங்கள் கோபிக்கக் கூடாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பத்திரிகை அப்படித்தான் வரும். திகதி பிந்தி வரும், வாசம் முந்தி வரும். கருவாட்டைச் சட்டியில் கொட்டிவிட்டு, தாளை உதறி அடுப்புப் பக்கம் காயவைத்து, நான்கு தரம் படித்தேன். 'நியூத்திரன் நட்சத்திரங்கள்: தூரமும் வேகமும்' என்று தலைப்பு. பெரிய நட்சத்திரம் ஒன்று சாகும்போது வெடிக்கும் என்றும், நடுவில் பன்னிரண்டு மைல் அகலத்துக்கு ஓர் உருண்டை மட்டும் மிஞ்சும் என்றும், அதில் ஒரு கரண்டி எடுத்தால் ஒரு மலையின் பாரம் இருக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். (எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கண்டாக்கு ஐயாவின் தராசில் வைத்தால் அதுவும் இரண்டு இறாத்தல் குறைந்துதான் காட்டும்.) அந்த உருண்டை சுற்றச் சுற்ற, விடிகாலையில் எங்களை வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடிப்பதுபோல, ஒரே தாளத்தில் வானொலித் துடிப்பு வருமாம். ஒன்றாகக் கிளம்பிய துடிப்பிலேயே உயர்ந்த சுருதி முந்தியும் தாழ்ந்த சுருதி பிந்தியும் வந்து சேருமாம், வழியில் இருக்கிற மெல்லிய இலத்திரன் மூட்டம் தாழ்ந்ததைத் தாமதிக்க வைப்பதால். எவ்வளவு பிந்துகிறதோ அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாமாம். பிறகு, அதற்குப் பின்னால் அசையாமல் நிற்கிற வெகுதூரத்து ஒளிகளை அடையாளம் வைத்துக்கொண்டு, அது எவ்வளவு நகர்ந்தது என்று வருடக்கணக்காகக் குறித்துவந்து, அந்த நகர்வைத் தூரத்தோடு பெருக்கினால் வேகமாம். சிலது வினாடிக்கு நூறு மைலுக்கு மேல் ஓடுகிறதாம். தூரம் பிழைத்தால் வேகமும் பிழைக்கும் என்று எச்சரித்தும் இருந்தீர்கள். எல்லாம் எனக்கு விளங்கியது. கடைசி வரி இப்படி இருந்தது: 'ஆனால் அந்த நட்சத்திரம் நம்மை நோக்கி வருகிறதா, நம்மை விட்டுப் போகிறதா என்பதை மட்டும்'. அவ்வளவுதான். அதற்குக் கீழே ஹமீத் நானா கிழித்துவிட்டார்.

ஐயா, எனக்கு அந்த மறு பாதி வேண்டும். வரும் சனிக்கிழமைக்குள் வேண்டும். சனிக்கிழமை எங்கள் அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை.

அம்மா பெயர் அந்தோனியம்மா. போன மாதம் பத்தொன்பதாம் திகதி காலமானார். அவர் காலமானது என் அண்ணன் லியனார்ட்டுக்குத் தெரியாது. அண்ணன் எங்கே இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. போன வருடம் ஜனவரியில் அம்மாவுக்கு நெஞ்சுச் சளி முற்றி கொழுந்து பறிக்க மலையேற முடியாமல் போனபோது, அம்மாவின் இடத்துக்கு என் பெயரைப் பதிய வேண்டும் என்று அப்பா சொன்னார். நான் அப்போது எட்டாம் வகுப்பு முடித்து, ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களுக்கு உறை போட்டு வைத்திருந்தேன். அண்ணன் தண்ணீர்ப் பீலியடியில் வைத்து அப்பாவிடம், "அவ படிக்கட்டும்பா, கணக்குல அவதான் மொதலு. வேற ஏதாச்சும் பண்ணுவோம்" என்றார். அப்பா, "என்னாத்தப் பண்ணுவே? நீ கொழுந்து கிள்ளுவியா, அவளாட்டம் ரெண்டு கையில?" என்றார். "கிள்ளுவேன்" என்றார் அண்ணன். தண்ணீருக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன், அப்பா அண்ணனை அறைந்துவிட்டார். வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை, ஒரு பக்கம் பலமாக வெடித்தால் நடுவில் உள்ளது மறு பக்கம் தூக்கி எறியப்படலாம் என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவும் ஒரு பக்கமாகத்தான் வெடித்தார். என்னையோ அம்மாவையோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் அன்று ஸ்டேசனில் மத்தியானக் கோச்சியில் ஏறிப் போய்விட்டார். உறை போட்ட புத்தகங்களை நான் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து தபாலட்டைகள் வந்தன. முதலாவது மாத்தளை முத்திரை, பிறகு தம்புள்ள, பிறகு வவுனியா, பிறகு கிளிநொச்சி, கடைசியாக இந்த ஜூன் மாதம் புத்தளம். விலாசம் ஒன்றிலும் இல்லை. ஐந்திலும் ஒரே நான்கு வரி: 'அம்மா சுகமா. நான் சுகம். தூரத்தில் இருக்கிறேன். பெற்றீசியா படிக்கிறாளா?' நான் வாசித்துக் காட்டுவேன். நான்காவது வரியை மட்டும் விட்டுவிட்டு வாசிப்பேன். அம்மா அட்டையை வாங்கி முத்திரை குத்திய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு தரமும் ஒன்றைத்தான் கேட்பார்: "வாறானா, போறானா?" நான் பதில் சொல்லமாட்டேன். நான் பேசாதவள் என்பதால் அம்மா அதை வித்தியாசமாக நினைக்கவில்லை.

ஆகையால் ஜூலைக் கடைசியில், அம்மா இருக்கும்போதே, தங்கள் கட்டுரை வந்ததும் நான் வேலையைத் தொடங்கினேன். அண்ணன் தன் கையால் எழுதுகிற திகதிக்கும் தபாற் கந்தோர் முத்திரைத் திகதிக்கும் நடுவில் எப்போதும் நான்கு நாள், ஐந்து நாள் பிந்தியிருப்பதைக் கண்டுபிடித்தேன். தாங்கள் சொன்ன அதே பிந்துதல். எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு தூரம். அப்படியென்றால் தபாற் கந்தோருக்கு வர ஐந்து நாள் நடக்க வேண்டிய காட்டுக்குள் அண்ணன் இருக்கிறார் என்று ஆயிற்று. ஒரு நாளைக்குப் பதினைந்து மைல் நடந்தாலும் எழுபத்தைந்து மைல். புத்தளத்திலிருந்து மேற்கே எழுபத்தைந்து மைல் போனால் கடல் வருகிறது, அதனால் கிழக்கே என்று வைத்துக்கொண்டேன். அடுத்தது வேகம். பழைய பூமிசாத்திரப் புத்தகத்தில் உள்ள இலங்கைப் படத்தில் அம்மாவின் தையல் நூலைப் பிடித்து அளந்தேன். கிளிநொச்சியிலிருந்து புத்தளத்துக்கு நூறு மைல். நடுவில் தொண்ணூறு நாள். நாளொன்றுக்கு ஒரு மைலும் கொஞ்சமும். வினாடிக்கு நூறு மைல் ஓடுகிற தங்களுடைய நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் மெதுவு. எங்கள் லயத்து ஆடுகூட ஒரு நாளில் இதைவிடத் தூரம் போகும். ஆனால் ஆடு பின்னேரம் திரும்பி வந்துவிடும். அசையாமல் நிற்கிற ஒன்றை வைத்துத்தான் மற்றதை அளக்க வேண்டுமாமே, எங்கள் வீட்டில் அம்மாதான் அசையாமல் கிடந்தார். அம்மாவை வைத்து அளந்தேன். அந்தக் கடைசி நகர்வு மட்டும் என்னைக் குழப்பியது. கிளிநொச்சியிலிருந்து புத்தளம் என்பது திரும்பி வருவதா, குறுக்கே எங்கோ போவதா? அதற்குத்தான் மறு பாதி தேவைப்பட்டது.

ஹமீத் நானாவிடம் போய்த் தாளை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெத்தலி கெட்டுப் போச்சா?" என்றார். இல்லை என்று தலையாட்டி, கிழிந்த ஓரத்தைக் காட்டினேன். "கீழ்ப் பாதியா? எந்தத் தாளு யாருக்குப் போச்சுன்னு நான் எழுதியா வைக்கிறேன் புள்ள? ஒனக்கு முன்னால வீரம்மா சீனி வாங்கிச்சி. அங்க போய்ப் பாரு" என்றார். வீரம்மா அக்கா அடுத்த லயத்தில் இருப்பவர். போனால், அவர் அந்தப் பாதியைக் கோதுமை மாப் பசை தடவி, குளிர்காற்றுக்கு அடைப்பாகச் சுவரில் ஒட்டிவிட்டார். ஒட்டியதும் சரி, தங்கள் கட்டுரை இருந்த பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, பின்பக்கத்தில் இருந்த சினிமா நடிகையின் படத்தை வெளியே தெரிய வைத்திருந்தார்.

"என்னாடி, வந்ததுல இருந்து செவுத்தையே பாத்துக்கிட்டு நிக்கிற?"

"நட்சத்திரம் பாக்க வந்தேன்க்கா."

"இந்தா நிக்கிறாளே, நல்லாப் பாரு. எங்க வீட்டுக்காரருக்கும் இவளத்தான் புடிக்கும்."

"இவங்க இல்லக்கா. இவங்களுக்குப் பின்னால இருக்கிறவரு."

"பின்னால யாருடி இருக்கா?"

"நியூத்திரன்."

ஐயா, பயத்தில் நான் மரியாதை கொடுத்துச் சொல்லிவிட்டேன். எல்லாம் அங்கேதான் பிழைத்தது. வீரம்மா அக்கா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நான் தாளின் ஓரத்தை நனைத்து மெதுவாக உரித்தேன். நடிகையின் முகம் ஒரு சாண் சுண்ணாம்போடு கையில் வந்தது. தங்கள் கட்டுரை கூழாகிவிட்டது. சுவரில் மட்டும், கண்ணாடியில் பார்ப்பதுபோல, ஒரே ஒரு சொல் திரும்பிப் பதிந்திருந்தது: 'இன்றுவரை'. இன்றுவரை என்ன ஐயா? அதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீரம்மா அக்காவின் கணவர் சிவசாமி அண்ணன் அந்த முகம் போன துக்கத்தில் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் ஏற்கெனவே யாரோடும் பேசாதவள் என்பதால், அவர் நிறுத்தியது எனக்குத் தெரியவர ஒரு கிழமை ஆனது.

மறுநாள் பீலியடியில் நான் வாளியோடு நிற்கிறேன், எனக்கு முன்னால் வீரம்மா அக்காவும் மீனம்மா அக்காவும் நிற்கிறார்கள். நான் பின்னால் இருப்பதைப் பார்க்காமல், வீரம்மா அக்கா அப்பாவின் பெயரைச் சொல்லித் தொடங்கினார்.

"அலோசியஸ் அண்ணன் மக நட்சத்திரம் விசாரிச்சிக்கிட்டு திரியுதாம், தெரியுமா?"

"வேதக்காரங்களுக்கு ஏதுடி நட்சத்திரம்?"

"அதானே! அப்ப பையன் சைவந்தான். பேரு நியூத்திரன்."

"நல்ல பேராத்தான் இருக்கு. எந்தத் தோட்டமாம்?"

"தோட்டம் தெரியல, ரொம்பத் தூரமாம்."

"என்னா வேலயாம்?"

"ஓடிக்கிட்டே இருக்கானாம்."

"ஐயோ, போலீசு தேடுதோ?"

"ஆளு ரொம்பக் கனமாம். ஒரு கரண்டிக்கே மலையாட்டம் இருப்பானாம்."

"இவ நூலு மாதிரி இருக்காளேடி!"

கனத்தையும் வேகத்தையும் நான்தான் சுண்ணாம்பு உதிர்ந்ததற்குச் சமாதானமாக முந்தின நாள் வீரம்மா அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். நியூத்திரன் என்பது ஆண்பிள்ளைப் பெயர் மாதிரி ஒலிப்பது தங்கள் குற்றம் இல்லைதான், ஆனாலும் பெயர் வைத்தவர்கள் பீலியடியில் ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு வைத்திருக்கலாம். அன்று பின்னேரமே கோயில் உபதேசியார் இக்னேசியஸ் ஐயா எங்கள் வீட்டு வாசலில் குடையோடு நின்றார். அவருக்குப் பின்னால் அப்பா, மலையில் தேயிலைச் செடி வெட்டிவிட்டு வந்த கவ்வாத்துக் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல்.

"பிள்ள, பயப்படாமச் சொல்லு. அந்தப் பையன் ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதிப்பானா?" என்றார் உபதேசியார்.

"அவரு செத்துட்டாருங்க" என்றேன்.

உபதேசியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அப்பாவும் கத்தியை மறு கைக்கு மாற்றிவிட்டுப் போட்டுக்கொண்டார். "எப்போ?" என்றார் உபதேசியார், மிகவும் தணிவாக.

"பத்தாயிரம் வருசத்துக்கு மேல இருக்குங்க."

"எங்களோட வெளையாடுறியா?" என்று அப்பா கத்தியைப் போட்டுவிட்டுக் கையை ஓங்கினார். ஓங்கிய கையை அவரே அண்ணாந்து பார்த்தார். அது அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறக்கி, தலையைச் சொறிவதுபோலச் சொறிந்துகொண்டார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. அம்மா படுக்கையில் கிடந்து சிரித்தார். நான் அம்மாவுக்கு எல்லாவற்றையும் முதலே சொல்லியிருந்தேன். சிரித்துச் சிரித்து இருமி, இருமி முடித்து மறுபடி சிரித்தார். "ஏங்க, மருமகனுக்கு ஒரு கரண்டிச் சோறு போதுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். உபதேசியாரும் விஷயம் விளங்கி, தங்கள் பாதித் தாளை வாங்கி வாசலிலேயே நின்று படித்துவிட்டு, சிருஷ்டியின் மகிமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, "மத்தப் பாதி கெடச்சா மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லு" என்றார். அது ஓகஸ்ட் மாதம் முதல் கிழமை.

பத்தொன்பதாம் திகதி வியாழக்கிழமை, நான் கொழுந்து நிறுவையில் வரிசையில் நின்றேன். இன்னும் இரண்டு பேர் எனக்கு முன்னால் இருந்தார்கள். மீனம்மா அக்கா மேட்டிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயரைச் சத்தமாக ஒருவரும் கூப்பிடுவதில்லை என்பதால் நான் திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. அடக்கத்துக்கு எல்லோரும் வந்தார்கள். சிவசாமி அண்ணன்தான் குழி வெட்டினார். அண்ணன் வரவில்லை, ஏனென்றால் அண்ணனுக்குச் சொல்ல விலாசம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றரை வருடத்துக்கு மேலாக அப்பா அண்ணனின் பெயரைச் சொன்னதில்லை. அட்டை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் நான் வாசிக்கும்போது சுவருக்கு வெளியே அவருடைய பீடி வாசம் வந்துகொண்டிருக்கும். அன்று என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"ஏ புள்ள. அந்த நியூத்திரன்."

"என்னாப்பா?"

"ஓடுதுன்னியே. அது திரும்பி வருமா?"

"பாதித் தாள்ல அது இல்லப்பா."

பீடியைப் படியில் தேய்த்து அணைத்தார். பிறகு, "எழுதிக் கேளு" என்றார். "எழுதினவருக்குத் தெரியுமில்ல. எழுதிக் கேளு." எழுந்து எங்கோ போனார். திரும்பி வந்தபோது, உபதேசியாரிடம் கேட்டு வாங்கிய ஆறு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் கையில் இருந்தன. என் புத்தகங்களைப் பெட்டிக்கு அடியில் வைக்கச் செய்த அதே அப்பாதான் ஐயா. ஒரு கிழமையாக எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வைத்திருந்து, இன்று எழுதுகிறேன். ஐந்து தாள் முடிந்துவிட்டது.

எனவே தாங்கள் தயவுசெய்து கீழ்ப் பாதியை அனுப்பிவைக்கவும். முழுத் தாளும் வேண்டியதில்லை, மேல் பாதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, கொஞ்சம் வாசம்தான். தாள் மிச்சம் இல்லையென்றால், வருகிறது அல்லது போகிறது என்று ஒரே சொல்லில் எழுதினாலும் போதும், அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். இன்னொன்றும் கேட்கிறேன், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. 'லியனார்ட், அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை பதினெட்டாம் திகதி காலை, வீட்டுக்கு வரவும்' என்று ஒரு வரி தங்கள் பக்கத்தில் எங்காவது ஓரத்தில் போட முடியுமா? கிழமை பிந்திப் போனாலும் பரவாயில்லை. அண்ணன் காட்டுக்குள் பத்திரிகை வாங்கமாட்டார், ஆனால் அவர் கருவாடு வாங்குகிற கடையிலும் தங்கள் பத்திரிகையில்தான் சுற்றிக் கொடுப்பார்கள். எந்தப் பாதி அவருக்குக் கிடைக்கும் என்று தெரியாததால், மேல் பாதியில் ஒரு தரமும் கீழ்ப் பாதியில் ஒரு தரமும் போட்டால் நல்லது.

தங்கள் பேனாவில் மை வற்றாமலும், தங்கள் பக்கம் எந்தக் கடையிலும் பாதியாகக் கிழியாமலும் இருக்கத் தேவமாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். தங்களுக்கு அப்பா தன்னுடைய கும்பிடைச் சொல்லச் சொன்னார். உபதேசியாரும் தோத்திரம் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் மேல் பாதி வாசகி,
அ. பெற்றீசியா

பி.கு.: திங்கட்கிழமை பின்னேரம், ஹமீத் நானாவின் கடையில் அரிசி மூட்டைமேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

ஐயா, மறு பாதி வேண்டாம். விளம்பரமும் போட வேண்டாம். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் பாதியாகக் கிழிந்த தாளின் கஷ்டம் எனக்குத் தெரியும் என்பதால், உறையைப் பிரித்து, மிச்சமிருந்த ஆறாவது தாளில் இதை எழுதிச் சேர்க்கிறேன். முத்திரை வாங்கத்தான் கடைக்கு வந்தேன். ஹமீத் நானாவின் மச்சான் அன்ஸார் நானா, ராகலையில் இருப்பவர், மரக்கறி லொறி ஓட்டுபவர், இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் இந்தப் பக்கம் கோவா மூட்டை இறக்க வந்திருந்தார். என் கையில் உறையைப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட குடு தங்கச்சி, நாளைக்கு சிலாபம் போறேன், அங்க போட்டுடுறேன்" என்று சட்டைப் பையிலிருந்து மற்றக் கடிதங்களையும் வெளியே எடுத்தார். மேலே ஒரு தபாலட்டை இருந்தது. முத்திரை குத்தவில்லை. அந்தோனியம்மா, மூன்றாம் லயம் என்று அண்ணனின் கையெழுத்து. திகதி போன வியாழக்கிழமை. 'அம்மா சுகமா. நான் சுகம். தூரத்தில் இருக்கிறேன். பெற்றீசியா படிக்கிறாளா?'

விரலால் காட்டுகிற நான் இன்று வாய் திறந்து கேட்டேன். "இது எங்க அம்மா பேரு. எங்க அண்ணன் எங்க?"

அன்ஸார் நானா ஹமீத் நானாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான் தங்கச்சி. எங்க ஊருல கோவாத் தோட்டத்துல வேல செய்றான். போன வருசம் ஜனவரியில கோச்சிய விட்டு எறங்கி, எங்க லொறியிலதான் ஊருக்கு வந்தான். எங்கயும் போகல."

"வவுனியா?"

"அது நான் போனது. அட்ட எழுதிக் குடுப்பான். லோடு சேர்ற வரைக்கும் நாலு நாளு, அஞ்சு நாளு எங்கிட்ட கெடக்கும். எந்த ஊர்ல நிக்கிறேனோ அங்க போடச் சொல்லுவான். கிட்ட இருக்கான்னு தெரிஞ்சா அப்பா வந்து இழுத்துட்டுப் போயிருவாருன்னு பயம். கிளிநொச்சியில நல்ல வேல இருக்கு, போடான்னு நானே சொன்னேன். மாட்டேன்னுட்டான். 'அம்மாவுக்கு ஒண்ணுன்னா ஓடி வரணும் நானா, இதுக்கு மேல தூரம் போகமாட்டேன்'னான்." அட்டையை என்னிடம் நீட்டினார். "அம்மாவுக்கு இப்ப எப்புடித் தங்கச்சி?"

ஹமீத் நானா தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னேன். அன்ஸார் நானா கோவா மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே ஐயா, நான் அம்மாவின் நூலைப் பிடித்து அளந்தது அண்ணனை அல்ல, மரக்கறி லொறியை. நாளொன்றுக்கு ஒரு மைல் என்பது ஒருவருடைய வேகமும் அல்ல. ஐந்து நாள் பிந்த வைத்தது காடு அல்ல, கோவா மூட்டை. தூரம் பிழைத்தால் வேகமும் பிழைக்கும் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள், நான்தான் கவனிக்கவில்லை. அண்ணன் வரவும் இல்லை, போகவும் இல்லை. அம்மாவிடம் சொல்ல எனக்கு இப்போது பதில் இருக்கிறது.

நாளைக் காலை அப்பாவையும் கூட்டிக்கொண்டு ராகலைக்குப் போகிறேன். அப்பா அந்த வாசல் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிடுவார், எனக்குத் தெரியும். பேச வேண்டியது நான்தான். அண்ணன் என்னைக் கண்டதும் "படிக்கிறியா?" என்று கேட்பார். அதற்குத் தங்களுடைய மேல் பாதியைக் காட்டலாம் என்று மடித்து வைத்திருக்கிறேன். அடுத்ததாக அம்மாவைக் கேட்பார். றொசல்லையிலிருந்து ராகலைக்கு ஒரு கோச்சி, இரண்டு பஸ். அதற்குள் அதை எப்படிச் சொல்வதென்று நான் பழகிக்கொள்ள வேண்டும். தூரம் போதாது ஐயா.